கடல்பக்கச் சுவரில் ஒரு கதவு

செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்தப் பாராட்டு வந்தது.

அனுப்பியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் போய்விட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். பழக்கம் விடவில்லை, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மதிப்பெண் போட்டிருந்தார். கலங்கரை விளக்கத்துக்குப் பத்துக்கு ஆறு. மீன்பிடித் துறைக்கு நாலு, அதுவும் போனால் போகிறதென்று. பச்சைக் கதவுக்குப் பத்துக்குப் பத்து. பயணத்திலேயே அதுதான் உச்சம், நாங்கள் நான்கு பேரும் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று முடித்திருந்தார்.

அவன் இரண்டாவது முறை படித்தான். சிரிப்பு வந்தது.

பச்சைக் கதவு என்று ஓர் இடம் கிடையாது.

பயணத் திட்டம் எழுதுவது அவன் வேலை. எங்கே வண்டியை நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிற்பது, எந்தப் பாறையில் ஏறினால் படம் நன்றாக வரும், மதியம் எந்தப் பக்க இருக்கையில் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. மனிதர்களுக்கு இதையெல்லாம்கூட எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. யாருமே போகாத இடமாக ஒன்று சொல்லுங்கள் என்பார்கள். அங்கே வண்டி நிறுத்த வசதி உண்டா, கழிப்பறை சுத்தமாக இருக்குமா என்று அடுத்த மூச்சில் கேட்பார்கள். அந்தச் சாலையில் அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. போய் என்ன பார்ப்பது. தண்ணீர், பாறை, மறுபடி தண்ணீர். இரும்புக்கடை மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து எழுதினான். போய்வந்தவர்கள் எழுதுவதைவிட நன்றாகவே எழுதினான்.

பச்சைக் கதவு ஒரு பொறி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த இன்னொரு கம்பெனி இவர்களுடைய திட்டங்களை எழுத்துப் பிழைகளோடு சேர்த்துத் திருடிக்கொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருந்த மாதிரித் திட்டத்தில் இல்லாத நிறுத்தம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார் முதலாளி. அந்தத் தொழிலில் அது வழக்கம்தான். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது மட்டும் அதை எடுத்துவிட வேண்டும். சாலையிலேயே மிகவும் உதவாத வளைவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். ஒரு பக்கம் வெட்டிய மலை. இன்னொரு பக்கம் ஆள் உயரச் சுவர். சுவருக்கு அப்பால் நேரே கீழே தண்ணீர். அங்கே எதை வைக்கலாம் என்று தலையைத் தூக்கியபோது அவன் அறையின் மூலையில் இருந்த கழிப்பறைக் கதவு கண்ணில் பட்டது. பச்சை. அடிப்பக்கம் பெயிண்ட் உரிந்து, யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு வடிவம். திருடனுக்கு இது போதும் என்று எழுதினான்.

'சாலையின் கடல்பக்கச் சுவரில் ஒரு பச்சைக் கதவு. தட்ட வேண்டாம், திறந்திருக்கும். படிகள் குறுகலானவை, ஒருவர் பின் ஒருவராக இறங்கவும். கீழே சிறு மணல்வெளி. அவசரம் வேண்டாம். கடல் எங்கும் போய்விடாது.'

ஆய்வாளருக்கு அனுப்பியபோது எடுக்க மறந்திருக்கிறான். அவர் குடும்பத்தோடு அந்த வளைவில் இறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பார். ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள எந்தச் சுற்றுலாக்காரனுக்கும் மனம் வராது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வான். அதற்குத்தான் கூடுதல் மதிப்பெண்ணும் போடுவான்.

படம் ஒன்று இணைத்திருந்தார். கொஞ்சம் மணல், நாலு பேர், ஒரே மாதிரிப் பல்லிளிப்பு. எந்தக் கடற்கரையிலும் எடுத்திருக்கலாம். மகனும் மருமகளும் நடுவில் இடைவெளி விட்டு, ஆளுக்கொரு கையை இடைவெளிக்குள் தாழ்த்தி நின்றார்கள். ஒழுங்காக நிற்கக்கூடத் தெரியவில்லை. இவர்களுக்காக ஹோட்டலில் ஒரு குழந்தைக் கட்டில் சொல்லி வைத்தது அவனுக்கு நினைவு வந்தது. நாலு பெரியவர்களுக்கு எதற்கு அது. பெட்டி வைக்க இருக்கும். படத்தை மூடினான்.

அடுத்த திட்டத்திலும் கதவை எடுக்காமல் விட்டான். இந்த முறை மறதி இல்லை. மனிதன் எவ்வளவு தூரம் புளுகுவான் என்று பார்க்கும் ஆசை.

அடுத்தது புது ஜோடி. கைகோத்தபடி மாடியேறி, கைகோத்தபடி உட்கார்ந்து, ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெண் நிறையப் பேசினாள்; மாப்பிள்ளை அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் போகாத இடம் ஒன்று வேண்டும் என்றாள். அவன் பச்சைக் கதவைக் காட்டினான். முன்மேசைப் பெண் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். அது பொறி என்று அவளுக்குத் தெரியும்.

"சார், அது வந்து..."

"ரொம்ப நல்ல இடம்னு சொல்ல வர்றாங்க" என்றான்.

அவள் தலையாட்டினாள். எதற்கும் ஆட்டுவாள். தலையாட்டி என்றுதான் அவன் அவளைக் கூப்பிடுவான், அதற்கும் ஆட்டினாள்.

வீட்டிலும் அப்போது இதே கடல் தொல்லைதான். பள்ளி விடுமுறை விட்டிருந்தது. மனைவி, அவள் தம்பி, மகள், மூவரும் அதே சாலையில் போவதாக ஏற்பாடு. அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறீர்கள், எங்களுக்கு ஒரு பக்கம் எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று மனைவி பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடலை இடது பக்கம் வெச்சுக்கிட்டே போ" என்றான். "ரோடு முடிஞ்சா திரும்பி வா."

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. முன்பல் ஒன்று விழுந்து, அந்த ஓட்டை வழியாகக் காற்று வரப் பேசுவாள். நாங்கள் எங்கெல்லாம் நிற்போம் என்று அவனைக் கேட்டாள். பெட்ரோல் பங்கில் என்றான். அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தானே ஒரு திட்டம் வரைந்தாள். நீலக் கோடு கடல். கறுப்புக் கோடு ரோடு. கறுப்புக் கோட்டின் மேல் வட்டம் வட்டமாக நிறுத்தங்கள். ஒரு வட்டத்தில் நாய், ஒன்றில் ஐஸ்கிரீம், கடைசி வட்டத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆள். அது யார் என்றான்.

"நீங்கதான். நாங்க வர்றப்ப அங்க வந்து நில்லுங்க."

எப்போது போவோம், எப்போது போவோம் என்று கட்டிலில் குதித்தாள். அவசரப்படாதே, கடல் எங்கேயும் போய்விடாது என்றான். அவளிடம் அடிக்கடி சொல்வது அது. ஐஸ்கிரீமும் எங்கேயும் போய்விடாது, பொம்மைக் கடையும் எங்கேயும் போய்விடாது. வரைந்த தாளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தான். யாராவது கேட்டால், வீட்டிலேயே எனக்குப் போட்டிக் கம்பெனி என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. தலையாட்டி மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடி அப்படியே உங்களுடையதுதான் சார் என்றாள்.

மனைவியும் மகளும் மச்சினனும் கிளம்பிப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. மதியம், புது மாப்பிள்ளை தனியாக மாடியேறி வந்தான்.

குறை சொல்ல வந்திருந்தான்.

"ஒரு ஆளுக்கு எதுக்கு சார் ரெட்டைக் கட்டில்? போதாததுக்குப் படுக்கை பூரா பூ. ஹோட்டல்காரங்க சிரிக்கறாங்க."

"உங்க மிஸஸ் எங்க?"

"யாரு?"

"கூட வந்தாங்களே."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே சார்."

கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவமானத்தை மறைக்க ஆளையே மறைக்கிறான். கம்ப்யூட்டரைத் திருப்பி, இரண்டு பெயர்களையும் இரண்டு கையெழுத்துகளையும் காட்டினான். மாப்பிள்ளை அவள் பெயரை எழுத்துக்கூட்டுவதுபோலப் படித்தான். முகத்தில் வெட்கமில்லை, வருத்தமுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது முகம். வேறு யாருடையதையோ என்னுடையதோடு கலந்துவிட்டீர்கள் என்றான். பேசும்போதெல்லாம் விரலில் இருந்த புது மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"கொஞ்சம் சோப்பு கிடைக்குமா சார்? இது கழல மாட்டேங்குது. எப்பப் போட்டேன்னே ஞாபகமில்ல."

அவன் கழிப்பறையைக் கைகாட்டினான். மாப்பிள்ளை பச்சைக் கதவு வரை போய் நின்றான். கையைத் தூக்கவில்லை. பள்ளிப் பிள்ளை வரிசையில் நிற்பதுபோல நின்றான்.

"தட்டிட்டுப் போங்க. உள்ள யாருமில்ல."

"தட்ட வேண்டாம் சார்" என்றான் மாப்பிள்ளை. "திறந்திருக்கும்."

அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மழையில் மரம் உப்பி, கீழே காலால் ஓர் உதை விட்டால்தான் திறக்கும். இப்போது அது ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. மாப்பிள்ளை அந்த இடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தான். உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, கட்டிலைத்தான் குறை சொன்னேன், கீழே மணல் நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன் என்றான். மோதிரத்தைத் திருகிக்கொண்டே மழையில் இறங்கிப் போனான்.

அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே கடையில் யாரோ இரும்புக் கம்பிகளை இழுத்துப் போட்டார்கள். இந்த இரண்டு சத்தங்களுக்கும் அடியில், மூடாத குழாய்போல மூன்றாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, முதலில் அது குழாய்தான் என்று நினைத்தான், பிறகு குழாயானால் விடாமல் ஓடுமே, இது வந்து, கொஞ்சம் தயங்கி, கல்லையும் மணலையும் உரசிக்கொண்டு பின்வாங்கி, மறுபடி வருகிறதே என்று பட்டது. கூடவே வாசனை. வழக்கமான பினாயில் இல்லை. நனைந்த கயிறு, கிளிஞ்சல், வெகு நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்து இப்போதுதான் காற்றுப் படும் ஏதோ ஒன்று.

எழுந்து போய்க் கதவை இழுத்தான். வாளி. குழாய். இரண்டும் காய்ந்திருந்தன. சத்தம் நின்றிருந்தது. சிமெண்ட் தரையின் மூலையில் மட்டும் சிறிது மணல். கூட்டுபவள் ஒழுங்காகக் கூட்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டு, காலால் ஒதுக்கினான். கதவை உதைத்து அழுத்தி மூடினான்.

பிறகு தொலைபேசியை எடுத்தான்.

ஹோட்டல் மேனேஜருக்கு எல்லாம் நினைவிருந்தது. ரெண்டு பேர் வந்தாங்க, வெளியே சுத்தப் போனாங்க, ஒருத்தர் திரும்பினாரு என்றான். ஆய்வாளர் குடும்பமும் அப்படித்தான். அஞ்சு பேர் போய் நாலு பேராக வந்தார்கள். கேட்கவில்லையா என்றதற்கு, ரூமைக் காலி பண்ணிட்டாங்க, நமக்கென்ன சார் என்றான். அவனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அது பிடித்திருந்ததே கொஞ்சம் குளிராக இருந்தது.

ஆய்வாளர் வீட்டில் மருமகள் எடுத்தாள். இனிமையான குரல். நாலு பேர்தான் போனோம் என்றாள்.

"குழந்தைக் கட்டில் ஒண்ணு கேட்டிருந்தீங்களேம்மா."

"எங்க வீட்டுல குழந்தை ஏதுங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொன்னதும் ஞாபகம் வருது. வாசல்ல ஒரு குட்டி சைக்கிள் நிக்குது. யாரு விட்டுட்டுப் போனாங்களோ தெரியல. உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா எடுத்துக்கறீங்களா?"

தொலைபேசியை வைத்தான்.

நெருங்கியவர்களுக்குத்தான் நினைவு துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. பெற்றவளுக்கு. கட்டியவனுக்கு. ஹோட்டல்காரனுக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அவனுக்கு அவர்கள் யாரோ. இவனுக்கும் யாரோ. யாரோவாக இருப்பவனிடம் மட்டும் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

இணையத்துக்குப் போய் மாதிரித் திட்டத்திலிருந்து பச்சைக் கதவை அழித்தான். வேறு யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. மனைவி, மகள், மச்சினன், மூன்று பேரும் காலையிலிருந்து அந்தச் சாலையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் எந்தத் திட்டமும் இல்லாமல். எழுதித் தரமாட்டேன் என்று சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. மூச்சு கொஞ்சம் இறங்கியது.

தலையாட்டி அறை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பொறியில மாட்டிக்கிட்டாங்க."

அவனை எழுப்பித் தன் மேசைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கம்பெனியின் பக்கம். கடற்கரைச் சாலை, புதிய திட்டம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சாலையின் கடல்பக்கச் சுவரில் ஒரு பச்சைக் கதவு. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. சோம்பேறிப் பயல்கள். தட்ட வேண்டாம், திறந்திருக்கும். காற்புள்ளியைக்கூட விடாமல் எடுத்திருக்கிறான்கள். முதலாளியிடம் சொல்லட்டுமா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கடைசி வரிக்கு வந்திருந்தான்.

மனைவி எந்தத் திட்டமும் இல்லாமல் வீட்டுக் கதவைக்கூடத் தாண்டுகிறவள் இல்லை.

தன் அறைக்கு வந்து அவளைக் கூப்பிட்டான். கிடைக்கவில்லை. மறுபடி. மறுபடி. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழவில்லை. அடுத்த முறை எடுத்தாள். காற்றும் பாட்டும் இரைந்தன. குரலில் உற்சாகம்.

"அதிசயமா இருக்கே, நீங்களா கூப்பிடறீங்க?"

"எந்தத் திட்டத்தை வெச்சுக்கிட்டுப் போறீங்க?"

"நீங்கதான் எழுத மாட்டேன்னுட்டீங்களே. பஸ் ஸ்டாண்ட் எதிர்ல இருக்கே, அந்தக் கம்பெனியோடது. உங்களைவிட நல்லாவே எழுதியிருக்கான்." சிரித்தாள். "வாலுக்குப் படிச்சுக் காட்டினேன். இது அப்பா எழுதினதுன்னு ஒரே பிடிவாதம். கடல் எங்கயும் போயிடாதுன்னு அப்பாதான் சொல்வாராம்."

நிற்காதே என்றான். எங்கும் நிற்காமல் வீட்டுக்குத் திரும்பு என்றான். அவள் பக்கம் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"என்ன? கேக்கல. தம்பி ஓரம் கட்டறான், இருங்க. அடடா, நிஜமாவே பச்சையா..."

அறுந்தது.

கூப்பிட்டான். மணி அடிக்கவேயில்லை. கூப்பிட்டான். மச்சினனைக் கூப்பிட்டான். அறை இருட்டிவிட்டது. மேசை விளிம்பு மட்டும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் திரும்ப வந்திருந்தது, வந்து, தயங்கி, உரசி, பின்வாங்கி.

அதன் மேல் வேறொரு சத்தம். செருப்பு. கல்லில். கனமான கால், ஆண்பிள்ளைக் கால், ஒவ்வொரு படியாகக் கீழே போகிறது.

பின்னால் இன்னொன்று. நிதானமாக. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவள்.

ஒருவர் பின் ஒருவராக.

பிறகு ஒரு சின்ன ஓட்டம். தடதடவென்று. இரண்டு இரண்டு படியாக.

எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. கதவை இழுத்தான். வரவில்லை. உதைத்தான். வரவில்லை. அவனே அழுத்தி மூடிய கதவு. தோளால் மோதினான். மரம் ஈரமாக இருந்தது. குளிர்ந்திருந்தது. என்ன செய்கிறோம் என்று நினைக்காமல் கையைத் தூக்கித் தட்டினான்.

காலடிகள் நின்றன.

எல்லாச் சத்தமும் நின்றது. மழையும்.

மேசைமேல் தொலைபேசி ஒலித்தது. மனைவி.

"சொல்லுங்க, ஏன் இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? கீழ சிக்னலே இல்ல. இப்பத்தான் மேல வந்தோம். என்ன இடம் தெரியுமா. நானும் தம்பியும் வரவே மனசில்லாம வந்தோம்."

"போனை வாலுகிட்ட குடு."

"யாருகிட்ட?"

"வாலுகிட்ட."

"யாருங்க வாலு?"

அவள் கேலி பேசினால் அவனுக்குத் தெரியும். இது கேலி இல்லை. மாமா யாரையோ கேட்கிறார் என்று தம்பியிடம் சொல்வது கேட்டது. நம் மகள் என்றான். அவள் மிகவும் கனிவாகக் கேட்டாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா? நமக்கு ஏதுங்க பொண்ணு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஆறு வயது. முன்பல் இல்லை. காலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஜன்னலோரம்தான் வேண்டும் என்று சண்டை போட்டாள். ஒவ்வொன்றும் வாயைவிட்டு வெளியே போயிற்று. போனது திரும்ப உள்ளே வரவில்லை. தொப்பி மஞ்சளா. யாரோ சண்டை போட்டார்கள். எதற்கு. மேசைக் கண்ணாடியைத் தடவினான். தொலைபேசி வெளிச்சத்தில் நீலக் கோடு. கறுப்புக் கோடு. வட்டங்கள். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர். நீளமான பெயர். அவனே வைத்தது. நாக்கு நுனியில் இருந்தது. நாக்கு பல்வரிசையில் ஓர் ஓட்டையைத் தேடியது.

எல்லாப் பல்லும் இருந்தது.

ஆறு.

என்ன ஆறு.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா? யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் இல்ல" என்றான். "அசதி. ஏதோ உளறிட்டேன்."

அவள் சிரித்தாள். நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், நாங்கள் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவோம் என்றாள். சரி என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

விளக்கைப் போட்டான். நாற்காலி ஏன் சாய்ந்து கிடக்கிறது என்று தெரியவில்லை. நிமிர்த்தினான். தோள் வலித்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். ஏதோ குழந்தைக் கிறுக்கல். நாய், ஐஸ்கிரீம், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முட்டாள். அவன் மேசையில் இதைக் கொண்டுவந்து வைக்க யாருக்கு அவ்வளவு தைரியம். உருவி எடுத்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான்.

தலையாட்டி குடையோடு எட்டிப் பார்த்தாள். கிளம்புவதாகச் சொன்னாள்.

"பாப்பா கடல் பார்த்துட்டாளா சார்?"

"எந்தப் பாப்பா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் எப்போதும் இப்படித்தான் பேசுவான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, உலகத்தில் யாரையும் தெரியாததுபோல. உங்களிடம் போய்க் கேட்டேன் பாருங்கள் என்று தலையை ஆட்டிக்கொண்டே போனாள். அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கீழே கீழே இறங்கிக் கடைசியில் தெருவில் கலந்தது.

பையை எடுத்துக்கொண்டான். விளக்கை அணைக்கக் கை நீட்டினான்.

டக்.

கழிப்பறைக் கதவு. உள்ளேயிருந்து.

டக். டக். பெரியவர்கள் தட்டும் உயரத்தில் இல்லை. கீழே, பெயிண்ட் உரிந்து குத்துக்காலிட்ட ஆள்போலத் தெரியும் அந்த இடத்தில். எந்த வாடிக்கையாளரின் பிள்ளையோ உள்ளே போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைப் பெற்று எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எரிச்சலோடு கதவை நோக்கிப் போனான். அடி இடுக்கிலிருந்து தண்ணீர் மெல்லியதாக வந்தது, மணலோடு, அவன் காலணியைச் சுற்றி வந்து, தயங்கி, பின்வாங்கியது.

உள்ளேயிருந்து குரல். பல் விழுந்த இடத்தில் காற்றுப் போவதுபோல ஒரு சீறல் அதில் இருந்தது.

"அப்பா, திறந்திருக்கும்னுதானே எழுதியிருந்தீங்க?"